பேண்டேஜ் மில்லின் தீவுத் தகராறு

தீவு வேண்டும் என்று நாங்கள் யாரிடமும் மனுப் போடவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். "சின்னத்துரை தீவு கேட்டு மில்லையே நிறுத்திட்டானாம்" என்று இராஜபாளையம் டீக்கடைகளில் பேசிக்கொள்கிறார்களாம். நான் ஐந்தாவதைத் தாண்டாதவன். தீவு என்றால் நாலு பக்கமும் தண்ணீர் என்கிற வரைக்கும்தான் எனக்குத் தெரியும். ஐப்பசியில் இரண்டு நாள் அடைத்துப் பெய்தால் செட்டியார்பட்டியில் எங்கள் வீடே அப்படித்தான் நிற்கும். அதைப் பார்க்க ஒருத்தரும் டிக்கெட் எடுத்து வந்ததில்லை.

வேலை பார்ப்பது வெண்மதி சர்ஜிகல்ஸ் என்கிற பேண்டேஜ் மில்லில். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுகிற துணியை நெய்கிற தறி என்னுடையது. அறுபதைத் தாண்டியும் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பழைய தறியோடு மல்லுக்கட்ட வேறு ஆள் சிக்கவில்லை. என் மனைவி அன்னாள் அதே மில்லில் பேக்கிங்கில் இருக்கிறாள். துணியைச் சுருட்டி, உறை போட்டு, பெட்டியில் அடுக்குகிற வேலை.

ஒரே மில் என்றதும், காலையில் தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு ஜோடியாகப் போவோம் என்று நினைப்பீர்கள். நான் காலை ஷிப்ட் என்றால் அவள் மத்தியானம். அவள் காலை என்றால் நான் மத்தியானம். பையன் ஜெர்வின் பிறந்தபோது பிள்ளையைப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமே என்று நாங்களாகக் கெஞ்சி வாங்கிய ஏற்பாடு அது. பிள்ளை வளர்ந்து, திருப்பூருக்கு வேலைக்குப் போய், அவனுக்கும் பிள்ளை பிறந்தாயிற்று. ஏற்பாடு மட்டும் மாறவில்லை. மில்லில் ஒன்றைக் கேட்டு வாங்குவது கஷ்டம். வாங்கினதைத் திருப்பிக் கொடுப்பது அதைவிடக் கஷ்டம். வார லீவும் அதே கதைதான். எனக்குப் புதன், அவளுக்கு ஞாயிறு.

இரண்டு மணிச் சங்கு ஊதினால் நான் கேட்டை விட்டு வெளியே வருவேன், அவள் உள்ளே போவாள். எங்கள் குடித்தனம் நடந்தது அந்தக் கேட்டில்தான். வீட்டுச் சாவி கை மாறும். "குழம்பு அடுப்பு மேல இருக்கு", "சிலிண்டர்காரன் வந்தான்", "ஒங்க தங்கச்சி போன் பண்ணாவ." அம்புட்டுத்தான். அதற்குள் வாட்ச்மேன் சந்தனம் விசிலை ஊதிவிடுவான். ராத்திரி ஒரே வீட்டில்தானே இருக்கிறீர்கள் என்று கேட்பீர்கள். பத்து மணிக்கு மேல் வந்து சுருண்டு விழுகிறவளிடமோ, விடியுமுன்னே எழும்ப வேண்டியவனிடமோ என்னத்தப் பேசுவது? ஜெர்வின் சின்னப் பிள்ளையில் ஒருநாள் கேட்டான்: "ஏம்ப்பா, ஒனக்கும் அம்மாவுக்கும் சண்டையா? ஒருத்தர் வந்தா ஒருத்தர் போயிருதிய?"

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் தீவு வந்து விழுந்தது.

எங்கள் துணியை வாங்குகிற வெளிநாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். கரீபியன் கடல் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்குச் சாமான் கொடுக்கிற வியாபாரம்; கூடவே நாலைந்து தீவுகளில் பெரிய மனுசர்கள் வந்து தங்குகிற ஓட்டல்களும் உண்டு. மில்லின் பொன்விழாவுக்கு அவர் ஒரு மெயில் அனுப்பினார். தொழிலாளிகளில் ஒரு கணவன் மனைவியை அனுப்புங்கள், போக வர எல்லாம் என் பொறுப்பு, ஒரு வாரம் சொகுசாகத் தங்கட்டும், எந்தத் தீவு என்பதை அந்தத் தம்பதியே தேர்ந்தெடுத்துச் சொல்லட்டும்.

கணவனும் மனைவியும் ஒரே மில்லில் என்று பார்த்தால் நாங்கள்தான் மூத்த கட்டை. எங்கள் பெயர் முடிவாயிற்று. அன்றைக்கே, எங்களைத் தவிர மற்ற எல்லோரும் தீவைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார்கள்.

பொன்விழா மேடையில் என்னை ஏற்றினார்கள். அன்னாள் ஷிப்டில் இருந்தாள். விழாவுக்காகப் பேக்கிங்கை நிறுத்த முடியாது என்று சொல்லி, அவளுடைய அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி என் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டார்கள். எனக்கு மாலை போட்டார்கள். படத்துக்கும் போட்டார்கள். பர்சனல் மேனேஜர் நவநீதகிருஷ்ணன் மைக்கைப் பிடித்தார்.

"இந்தத் தம்பதியைப் பாருங்கள். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட இருவரும் சேர்ந்து லீவு எடுத்ததில்லை! ஒருநாள்கூட இருவரும் சேர்ந்து சும்மா உட்கார்ந்ததில்லை! ஒரு குடும்பத்துக்கு ஒரு நிர்வாகம் இதைவிட என்ன செய்துவிட முடியும்?"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நானும் தட்டினேன். எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருந்தால் அதற்கொரு மெமோ வரும்.

அந்தப் போட்டோவை யாரோ செல்போனில் சுற்றவிட்டதில், செட்டியார்பட்டியிலிருந்து என் சகலை தங்கச்சாமி துக்கம் கேட்க மில் வாசலுக்கே வந்துவிட்டான். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு விம்முகிற நேரத்தில் ஷிப்ட் முடிந்து அன்னாள் வெளியே வந்தாள். தங்கச்சாமி போட்ட சத்தத்தில் சந்தனம் விசிலைக் கீழே போட்டுவிட்டான்.

மறுநாள் கேட்டில் அன்னாள் சாவியை வாங்கிக்கொண்டே சொன்னாள்: "மாலை போட்டியளே, நாலு பூவாவது வீட்டுக்குக் கொண்டாந்தியளா? சரி, போகட்டும். தீவு எதுன்னாலும் எனக்கு ஒன்னும் இல்ல. ஒரு வாரம் ஒங்களுக்கும் எனக்கும் ஒரே நேரத்துல லீவு தருவாவளா? அத மட்டும் கேட்டுட்டு வாங்க."

அவள் கேட்டது அது ஒன்றுதான். என்னால் கேட்டுச் சொல்ல முடியவில்லை. அதற்குள் சங்கங்கள் இறங்கிவிட்டன.

எங்கள் மில்லில் பழைய சங்கம், புதுச் சங்கம் என்று இரண்டு. நான் பழையது, அன்னாள் புதுசு. கொள்கை கிள்கை ஒன்றும் கிடையாது. என் ஷிப்டில் சந்தாப் பிரிக்க வந்தவன் அது, அவள் ஷிப்டில் வந்தவள் இது. பழைய சங்கச் செயலாளர் உக்கிரபாண்டி, தீவு என்ற சொல் காதில் விழுந்த மறுநாளே வாயிற்கூட்டம் போட்டுவிட்டான்.

"தோழர்களே! பார்படாஸ் என்று ஒரு தீவு இருக்கிறது. மலை கிடையாது, மடு கிடையாது, பெரும்பாலும் சமதளம். ஏற்றத்தாழ்வு இல்லாத ஒரே தீவு! தொழிலாளி போக வேண்டிய தீவு அதுதான். வேறு தீவுக்கு அனுப்ப நினைத்தால் இந்த மில்லில் ஒரு தறி ஓடாது!"

புதுச் சங்கத்து மாரிக்கனி அன்று சாயங்காலமே அதே இடத்தில் அதே மைக்செட்டில் பேசினாள். "செயின்ட் லூசியால கூரு கூரா ரெண்டு மலை நிக்கி! காலமெல்லாம் குனிஞ்சு வேல பாத்த பொம்பள ஒருநா ஒசரத்துல நின்னு கடலப் பாக்க வேண்டாமா? தட்டையான தீவுல என்னத்தப் பாக்க? பக்கத்து ரூமுக்காரன் காயப்போட்ட துணியவா?"

"மலை பாக்க எதுக்குத் தாயி பிளேனு? சஞ்சீவி மலை இந்தா நிக்கி!" என்று கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான். அவனை அடிக்கப் போய்விட்டார்கள்.

ஒரு வாரத்துக்குள் மில் சுவர் முழுக்க போஸ்டர். 'பார்படாஸ் எங்கள் உரிமை.' 'லூசியாவை விட்டுக்கொடுக்க நாங்கள் ஏமாளிகள் அல்ல.' கேண்டீனில் ஜன்னல் பக்க பெஞ்சுகள் பார்படாஸ், கை கழுவுகிற பக்கம் லூசியா. புருசனை இழந்து பெருக்குகிற வேலைக்கு வந்த நாகஜோதி தெரியாமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து டீ குடித்ததற்கு, "என்ன மதினி, சங்கம் மாறிட்டியளோ?" என்று விசாரணை நடந்தது. அந்தத் தீவுகள் எந்தத் திசையில் இருக்கின்றன என்று கேட்டால் பாதிப் பேர் தூத்துக்குடிப் பக்கம் கையைக் காட்டியிருப்பார்கள்.

நிர்வாகம் பொதுவாக ஒன்றைச் சொல்வோமே என்று ஆன்டிகுவா என்றது. நல்ல கடற்கரைகள் நிறைய உள்ள இடமாம். இரண்டு சங்கமும் முதல் தடவையாக ஒன்று சேர்ந்து அதற்குக் கருங்காலித் தீவு என்று பெயர் வைத்தன.

நான் உக்கிரபாண்டியைப் பிடித்து நிறுத்தினேன். "ஏலே, போகப் போறது நானு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாலே?"

"அண்ணாச்சி, நீங்க எதுக்கு மண்டையப் போட்டு ஒடச்சிக்கிடுதிய? ஒங்க சார்பா நாங்க ஏகமனதா முடிவெடுத்தாச்சு."

"ஏகமனசுல என் மனசு இருந்துச்சா?"

"அது எதுக்கு அண்ணாச்சி? நீங்க இருந்தா ரெண்டு மனசாயிருமே."

இதற்கு நடுவில் மேனேஜருக்கு வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. அவ்வளவு பெரிய ஓட்டலில் போய் நாங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றால் மில்லின் மானம் என்ன ஆவது? மதுரையிலிருந்து எலினா மேடம் என்று ஒருவரைக் கூப்பிட்டு, எங்களுக்குச் சொகுசுத் தகுதிப் பயிற்சி ஏற்பாடு செய்தார். எனக்கு என் ஷிப்டில், அன்னாளுக்கு அவள் ஷிப்டில்.

முதல் பாடம், சும்மா இருப்பது. கடற்கரையில் கிடக்குமே சாய்வு நாற்காலி, அதில் ஒன்றை ஸ்டோர் ரூமில் போட்டு என்னைப் படுக்கச் சொன்னார்கள். சூப்பர்வைசர் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றான். நானும் கிடந்தேன். எதிரே ஜன்னல் திரையில் ஒரு நூல் அறுந்து தொங்கியது. எவ்வளவு நேரம்தான் அதைப் பார்த்துக்கொண்டு கிடப்பது? எழுந்து போய் முடிச்சுப் போட்டுவிட்டு வந்து படுத்தேன். மறுநாள் மெமோ: 'ஓய்வு நேரத்தில் கவனக்குறைவாக வேலை செய்தமைக்கு விளக்கம் கேட்கப்படுகிறது.'

அடுத்தது மெழுகுவத்திச் சாப்பாடு. புருசனும் பெண்டாட்டியும் மெழுகுவத்தியைக் கொளுத்தி வைத்து எதிரெதிரே உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிட வேண்டுமாம். எங்கள் பக்கம் கரண்ட் போனால் செய்கிற காரியம். என் ஷிப்டில் அன்னாள் இல்லாததால் அவளுக்குப் பதிலாக டைம் ஆபீஸ் கிளார்க் முத்துப்பாண்டியை உட்கார வைத்தார்கள். மீசையும் அவனுமாக முள்கரண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சார், அவங்க கண்ணைப் பார்த்துப் பேசுங்க" என்றார் எலினா மேடம்.

"என்னத்தப் பேச?"

"மனசுல ரொம்ப நாளா சொல்லாம வச்சிருக்கிறதை."

நான் முத்துப்பாண்டி கண்ணைப் பார்த்தேன். "ஏலே, ஈஸ்டருக்கு முந்தின நாளு நான் வேலைக்கு வந்திருந்தேன். ஆப்சென்ட் ஏன் போட்ட?"

"பஞ்ச் விழலன்னா நான் என்ன செய்ய? எப்பப் பாத்தாலும் என்னையவே குத்தம் சொல்லுங்க!" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

மேடம் கைதட்டினார். "எக்ஸலன்ட்! அப்படியே நிஜத் தம்பதி மாதிரி இருக்கு!"

அன்னாளுக்கு என் இடத்தில் உட்கார்ந்தது வாட்ச்மேன் சந்தனமாம். எப்படி இருந்தது என்று கேட்டில் கேட்டேன். "கடைசி வரைக்கும் வாயத் தொறக்கல. குனிஞ்ச தல நிமிராமத் தின்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. வித்தியாசமே தெரியல" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேரே மேனேஜர் அறைக்குப் போனேன்.

"சார், எங்களுக்குத் தீவே வேண்டாம். அதுக்குப் பதிலா ஒன்னு கேக்கேன். எனக்கும் அவளுக்கும் வார லீவ ஒரே நாளா மாத்திக் குடுத்திருங்க. எந்தக் கிழமன்னாலும் சரி."

நவநீதகிருஷ்ணன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"சின்னத்துரை, இதை வேற யார்கிட்டயும் சொல்லலையே? நீங்க ஒரு தீவு கேளுங்க, தர்றேன். ரெண்டு தீவு கேளுங்க, பேசிப் பார்க்கலாம். ஆனா ஒரே நாள் லீவுங்கிறது கொள்கை முடிவு. இன்னைக்கு உங்களுக்குக் கொடுத்தா நாளைக்கு இன்னொரு புருஷன் பொண்டாட்டி வந்து நிப்பாங்க. இப்படி எல்லாக் குடும்பமும் ஒண்ணா இருக்க ஆரம்பிச்சிட்டா மில்லு என்ன ஆகுறது? கொஞ்சம் நாட்டையும் நினைச்சுப் பாருங்க."

நாட்டை நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

அதற்கடுத்த வாரம் பார்படாஸ்காரர்கள் தறியை நிறுத்தினார்கள். தறி நின்றால் பேக்கிங்குக்கு வேலை இல்லை; ஆனாலும் எங்களைக் கேட்காமல் எப்படி வேலை இல்லாமல் போகலாம் என்று லூசியாக்காரர்களும் நிறுத்தினார்கள். விவகாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடியில் இருக்கிற சமரச ஆபீசுக்குப் போயிற்று. அங்கிருந்து ஓலை வந்தது. பொருள்: தொழில் தகராறு, தீவு தொடர்பானது. நிர்வாகம், இரு சங்கங்கள், சம்பந்தப்பட்ட கணவன், மனைவி அனைவரும் நேரில் வரவும். வருகிற தொழிலாளர்களுக்கு அன்று ஆன் டியூட்டி, அதாவது வேலைக்கு வந்த கணக்கு. பேச்சு முடிகிற வரை மற்ற நாளெல்லாம் வழக்கம்போல மில் ஓட வேண்டும்.

முத்துப்பாண்டி கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தான். "ரெண்டு பேருக்கும் ஒரே நாளா? எடுக்க மாட்டேங்குதே அண்ணாச்சி. ஒங்க பேரப் போட்டா அவிய பேரு போயிருது." கடைசியில் கையால் எழுதிக் கொடுத்தான்.

காலையில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வீட்டைப் பூட்டினோம். சாவியை யார் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வாசலில் செத்த நேரம் நின்றோம்.

டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கேட்டான்: "ரெண்டு பேரும் சேந்தா?"

"சேந்துதான்" என்றாள் அன்னாள், எனக்கு முன்னாடி. அவளுக்குப் பெண்களுக்கான இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என்னிடம் கை நீட்டினான். "பாத்தியளா, ஒங்களுக்குத்தான் கேக்காவ. நான் சும்மாவே போவேன்" என்று ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

சமரச அதிகாரி கண்ணுச்சாமி நல்ல மனுசன். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"நான் பஞ்சப்படி பார்த்திருக்கேன், போனஸ் பார்த்திருக்கேன், கக்கூஸ் கதவுக்குக்கூட ஒப்பந்தம் போட்டிருக்கேன். தீவு இதுதான் முதல் தடவை. என் சர்வீஸில் இனி ஒருமுறை வருமோ வராதோ. அதனால யாரும் அவசரப்பட்டு சமாதானம் ஆகிடாதீங்க."

உக்கிரபாண்டி பேசினான். மாரிக்கனி பேசினாள். மேனேஜர் மூன்று கோப்புகளிலிருந்து வாசித்தார். தீவுகள் எங்கே இருக்கின்றன என்று பார்க்க, பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து உலகப் படம் ஒன்றை வாங்கி வந்து மேஜையில் விரித்தார்கள். கண்ணுச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு தேடினார். கடைசியில் ஒரு புள்ளி கிடைத்தது. அது தீவா, ஈ இருந்த இடமா என்று இரண்டு சங்கத்துக்கும் கருத்து வேறுபாடு வந்தது. பெரிய படம் வாங்க மேலிடத்துக்கு எழுதிவிட்டு, விசாரணையை வாய்தா போட்டார்.

வெளியே வந்தால் மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. பகல் வெளிச்சத்தில், வேலை இல்லாமல், பக்கத்தில் பெண்டாட்டியோடு நடுத்தெருவில் நிற்கிறேன். எனக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

"இனி மில்லுக்குப் போவமா?" என்றேன்.

"ஆன் டியூட்டில இருக்கம்ல? மில்லுக்குப் போனா டியூட்டி என்னாகுறது? வாங்க" என்று அவள் முன்னால் நடந்தாள்.

பால்கோவா வாங்கினோம். கடைக்காரன் காகிதத்தில் வைத்துக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு திருமுக்குளத்துப் படியில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்தோம். அன்னாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள்.

"ஏங்க, ஒங்க எடது காதுக்குக் கீழ ஒரு மச்சம் இருக்கே. இது எப்ப வந்துச்சு?"

"பொறந்ததுல இருந்து இருக்குட்டி."

"அப்படியா! சொல்லவே இல்ல?"

"கேட்டுல வச்சு மச்சத்தையா சொல்ல முடியும்? சந்தனம் விசிலு ஊதிர மாட்டானா?"

அவள் சிரித்ததில் பால்கோவா புரைக்கேறிவிட்டது. தலையில் தட்டினேன். எதிர்ப்படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பொம்பளை எங்களை ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

இரண்டாம் வாய்தாவில் நவநீதகிருஷ்ணன் எழுந்து, இவ்வளவு வம்பு இருப்பதால் நிர்வாகம் பயணத்தையே ரத்து செய்கிறது என்றார். அவ்வளவுதான். "கொடுத்த தீவைப் பறிக்காதே!" என்று உக்கிரபாண்டியும் மாரிக்கனியும் ஒரே குரலில் மேஜையைத் தட்டினார்கள். கொடுத்த சலுகையைத் திரும்ப வாங்க வழியில்லை என்று கண்ணுச்சாமி புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். இன்னும் கொடுக்கவில்லையே என்று மேனேஜர் கேட்க, கொடுக்காததை எப்படித் திரும்ப வாங்குவீர்கள் என்று அதிகாரி கேட்க, யோசித்துச் சொல்ல அவகாசம் கேட்டார் மேனேஜர். நாங்கள் அன்றைக்கு ஓட்டலில் இலை போட்டுச் சாப்பிட்டோம். ரசம் நன்றாக இல்லை என்றாள் அன்னாள். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அதைப் பற்றியே பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டு வந்தோம். நல்ல சண்டை.

மூன்றாம் வாய்தாவில் கண்ணுச்சாமி புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். கையில் டைப் அடித்த ஒப்பந்தம்.

"எல்லாரும் கேளுங்க. கணவர் பழைய சங்க உறுப்பினர், அவர் பார்படாஸ் போகட்டும். மனைவி புதுச் சங்க உறுப்பினர், அவங்க செயின்ட் லூசியா போகட்டும். இரண்டு சங்கமும் ஜெயித்தது. நிர்வாகத்துக்கும் நஷ்டம் இல்லை. அவர் திரும்பி வந்து தறியைப் பிடிச்ச பிறகு இவங்க கிளம்பலாம். ஒரு ஷிப்ட்கூடப் பாதிக்காது. தம்பதிக்கும் லாபம்தான், ஒரு தீவு கேட்ட இடத்தில் இரண்டு தீவு!"

நவநீதகிருஷ்ணன் கண் கலங்கிவிட்டார். "வழக்கமான ஷிப்ட் முறைப்படியே உல்லாசம்! சார், இதைத்தான் நிர்வாகம் முதல்லேர்ந்து சொல்ல நினைச்சது." உக்கிரபாண்டி மாரிக்கனிக்குக் கை கொடுத்தான். வெளியே பட்டாசுக்கு ஆள் போய்விட்டது.

யாரோ என் கையில் பேனாவைத் திணித்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. பேனாவைத் தூக்கி எறிந்துவிட்டு நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிடுவது என்று வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் அன்னாள் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"ஐயா" என்றாள் பதவிசாக. "படிக்காத பொம்பள, தப்பா நெனைக்கக் கூடாது. அந்தத் தீவுகள்ல குடிக்கிற தண்ணி நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?"

கண்ணுச்சாமி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கோப்பைப் பார்த்தார்.

"அது... விசாரிக்கணும்."

"தெரியாம எப்படிய்யா கையெழுத்துப் போட? சுத்தியும் கடலுல்லா?"

"அதானே!" என்று துள்ளி எழுந்தாள் மாரிக்கனி. "எங்க உறுப்பினருக்குக் குடிதண்ணிக்கு உத்தரவாதம் இல்லாம ஒப்பந்தமா?"

உக்கிரபாண்டி பின்தங்குவானா? "எங்க உறுப்பினருக்கும் தண்ணி வேணும்! எழுத்துல வேணும்!"

வாய்தா.

மாடிப்படியில் இறங்கும்போது கேட்டேன். "ஏட்டி, நம்மள ஆளுக்கொரு பக்கமாப் பிரிச்சு எழுதுதான். நீ தண்ணியப் பத்திக் கேட்டுட்டு நிக்க?"

அவள் முந்தானையை உதறிச் செருகினாள். "நீங்க கத்தியிருந்தா என்ன ஆகும்? கேஸ் முடியும். கையெழுத்துப் போட்டாலும் முடியும். முடிஞ்சா நாளையிலருந்து நீங்க காலை, நான் மத்தியானம். முடியலன்னா அடுத்த வாய்தாவுக்கு ரெண்டு பேரும் ஆன் டியூட்டி. இப்பம் சொல்லுங்க, குளத்துக்குப் போவமா, இல்ல மொதல்ல சாப்பிட்டுருவமா?"

நான் எந்தச் சங்கத்தையும் நம்பாதவன், எந்த ஆபீசரையும் நம்பாதவன். அன்றைக்கு அவள் பின்னாலேயே போனேன்.

தண்ணீர் நல்ல தண்ணீர்தான் என்று வெளிநாட்டுக்காரர் பதில் எழுதினார். அந்த வாய்தாவில் நான் எழுந்து, அங்கே ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை உண்டா என்று கேட்டேன். உக்கிரபாண்டிக்குக் கோயிலும் கிடையாது குளமும் கிடையாது; ஆனாலும் மேஜையைத் தட்டி, எங்கள் உறுப்பினரின் ஆராதனை உரிமை என்றான். அதற்கடுத்து அன்னாள் மாங்காய் ஊறுகாய் கொண்டுபோக விடுவார்களா என்று கேட்டாள். ஊறுகாய்க்கு மட்டும் இரண்டு வாய்தா ஓடிற்று. நடுவில் ஒருமுறை கண்ணுச்சாமியே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உண்மையைச் சொல்லும், உமக்கு என்னதான்யா வேணும்?" என்றார். "இன்னொரு வாய்தா சார்" என்றேன். வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

ஆனால் போன வாரம் அவர் சிரிக்கவில்லை. மேலிடத்திலிருந்து, ஒரு தீவை முடிக்க இவ்வளவு நாளா என்று கேட்டு எழுதிவிட்டார்களாம். ஒப்பந்தத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். "வர்ற வியாழக்கிழமைதான் கடைசி. எந்தக் கேள்வி இருந்தாலும் அன்னைக்கே கேட்டு அன்னைக்கே பதில். கையெழுத்துப் போடாம யாரும் இறங்க முடியாது."

படி இறங்கிக் குளத்துக்கு வந்தோம். என் பங்குப் பால்கோவாவை அவள் பக்கம் தள்ளி வைத்தேன். வியாழக்கிழமையோடு போச்சு. பொறவு சாவி, குழம்பு, சிலிண்டர்காரன்.

அன்னாள் மட்டும் படியில் காலை நீட்டிப் பால்கோவாவைச் சுரண்டிச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தாள்.

"என்னட்டி, கொஞ்சங்கூடக் கவலையே இல்லாம இருக்க?"

"கவலப்பட என்ன இருக்கு? நாம இன்னும் பாம்பக் கேக்கவே இல்லையே. பார்படாஸ்ல எத்தன வகப் பாம்பு, லூசியால எத்தன வக, அதுல வெசம் உள்ளது எது, கடிச்சா எந்த ஆஸ்பத்திரி, அங்க கட்டுறது நம்ம மில்லுத் துணிதானா? அன்னைக்கே பதில் சொல்ல அங்க யாருக்குத் தெரியும், பதிலு இல்லாம ரெண்டு சங்கமும் கையெழுத்துப் போட விடுமா? அந்த மேனேஜரு எழுதிக் கேட்டு, அந்தாளு பதில் போட்டு, ரெண்டு சங்கத்துக்கும் அது புரிஞ்சு..." அவள் காகிதத்தை மடித்துக் கையைத் துடைத்தாள். "பொங்கல் தாண்டிரும். செத்த நகந்து உக்காருங்க, வெயிலு வருது."